ஒற்றைக்கண் அரக்கன் யாருடையவன்? தேதே கொர்குத் கதைகளும் கிரேக்க வேர்களும்

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். துருக்கியரின் ‘தேதே கொர்குத்’ வீரகதைகளில் தெபெகோஸ் என்றொரு ஒற்றைக்கண் அரக்கன் வருகிறான். குகையில் வாழ்கிறான், ஆடு வளர்க்கிறான், ஆட்களைத் தின்கிறான், கடைசியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கண்ணை இழக்கிறான். பண்டைய கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காப்பியத்தில் வரும் ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். அப்படியானால் ஆசியா மைனரில் குடியேறிய துருக்கியர் அங்கிருந்த கிரேக்கரிடமிருந்து இந்தக் கதையை எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிடலாமா?

இந்த அரக்கனைப் பொறுத்தவரை என் பதில்: ஹோமரின் நூலிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதி பதில்தான். அதே தொகுப்பில் கிரேக்கச் சாயல் அடிக்கும் கதைகள் இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் பல ஆண்டு சிறையிலிருந்து மீண்ட வீரன், தன் மணப்பெண்ணின் திருமணத்துக்கே மாறுவேடத்தில் வருகிறான். மற்றொன்றில் கணவனுக்காக மனைவி உயிர்கொடுக்க முன்வருகிறாள். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி “கிரேக்க மூலம்” என்று சீட்டு ஒட்டுவதால்தான் குழப்பம் வருகிறது. மூன்றுக்கும் மூன்று வேறு வரலாறுகள் உண்டு என்பது பல ஆண்டுகளாக இவற்றைத் திரும்பத் திரும்பப் படித்தபின் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

நூலைப் பற்றிக் கொஞ்சம். ஒகூஸ் என்பவர்கள் 9, 10ஆம் நூற்றாண்டுகளில் மத்திய ஆசியாவில் சிர் தர்யா ஆற்றுப் பக்கம் நாடோடிகளாக வாழ்ந்த துருக்கிய இனத்தார். 1071இல் மான்சிகெர்ட் போரில் பைசாந்தியப் பேரரசர் தோற்றபின் அவர்களில் பெருங்கூட்டம் அனத்தோலியாவுக்குள், அதாவது ஆசியா மைனருக்குள், பரவியது. அவர்களின் பாணர்கள் கொபுஸ் என்னும் நரம்புக் கருவியை மீட்டிப் பாடிய கதைகள்தாம் இவை. பாணனை அவர்கள் மொழியில் ‘ஒஸான்’ என்பார்கள். கொர்குத் என்பவர் கதைகளின் முடிவில் வந்து வாழ்த்துப் பாடிப் பெயர் சூட்டும் முதியவர். நம் சங்கப் பாடல்களின் மூத்த பாணர்களை நினைத்துக்கொண்டால் அவரை உடனே புரிந்துகொள்ளலாம். கதைகள் இரண்டு பழைய கையெழுத்துப்படிகளில் கிடைத்தன. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நூலகத்துப் படியில் 12 கதைகள், வாடிகன் நூலகத்துப் படியில் 6. இரண்டும் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கணிக்கப்படுகின்றன. தெபெகோஸ் கதை ட்ரெஸ்டன் படியில் மட்டுமே உள்ளது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐரோப்பியருக்கு இந்தக் கதையை அறிமுகப்படுத்தியவர் ஹைன்ரிஷ் ஃப்ரீட்ரிஷ் ஃபொன் டீட்ஸ். இஸ்தான்புல்லில் பிரஷ்ய நாட்டுத் தூதராக இருந்தவர். 1815இல் தெபெகோஸ் கதையை மட்டும் தனியே ஜெர்மனில் பெயர்த்து, ஹோமரின் அரக்கனோடு ஒப்பிட்டு வெளியிட்டார். அவர் முடிவு இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். துருக்கியர் ஹோமரிடம் எடுக்கவில்லை, ஹோமர்தான் கீழ்த்திசையில் வழங்கிய இந்தக் கதையைக் கேட்டிருக்க வேண்டும் என்றார் அவர். அதாவது, கேள்வி பிறந்த நாளிலேயே அதன் அம்பு எதிர்த்திசையில்தான் எய்யப்பட்டது.

இனி கதை. ஹோமரோடு ஒப்பிடுகிற பலர் குகைக்குள் நடப்பதை மட்டுமே பார்க்கிறார்கள். கதை அங்கே தொடங்கவில்லை.

ஒகூஸ் மக்கள் கோடை மேய்ச்சலுக்குக் கிளம்புகிறார்கள். முன்னே போன இடையன் ஒருவன் ஒரு சுனையருகே ‘பெரி’ என்னும் வான்மகளிரைப் பார்க்கிறான். தன் மேலங்கியை வலைபோல் வீசி ஒருத்தியைப் பிடித்துப் பலவந்தமாகக் கூடுகிறான். அவள் பறந்து போகும்போது சொல்கிறாள்: “ஓராண்டு முடிந்ததும் உன் பொருள் என்னிடம் இருக்கும், வந்து வாங்கிக்கொள். ஆனால் ஒகூஸ் குடிக்கு நீ அழிவைக் கொண்டுவந்துவிட்டாய்.” அடுத்த ஆண்டு அதே சுனையருகே ஒரு பிண்டம் மினுங்கிக்கொண்டு கிடக்கிறது. உதைக்க உதைக்கப் பெரிதாகிறது. அரூஸ் என்ற தலைவனின் குதிமுள் பட்டதும் அது வெடித்து உள்ளிருந்து ஒரு குழந்தை வெளிவருகிறது; உச்சந்தலையில் ஒரே ஒரு கண். ‘தெபெ’ என்றால் உச்சி, ‘கோஸ்’ என்றால் கண். பெயரே அவன் உருவம்தான்.

அரூஸ் அந்தக் குழந்தையைத் தன் மகனோடு மகனாக வளர்க்க எடுத்துப் போகிறான். செவிலித்தாய் மார்பில் வைத்தாள். ஒருமுறை உறிஞ்சினான், பால் முழுவதும் போயிற்று. மறுமுறை உறிஞ்சினான், இரத்தம் போயிற்று. மூன்றாம் முறை உயிரே போயிற்று. வளர்ந்தபின் கூட விளையாடும் பிள்ளைகளின் மூக்கையும் காதையும் தின்றான். துரத்திவிட்டார்கள். தாய் பெரி வந்து மகன் விரலில் ஒரு மோதிரம் இட்டாள்: உன்மேல் அம்பு தைக்காது, உன் உடலை வாள் வெட்டாது. அதன்பின் வழிப்பறி, நரபலி. ஒகூஸ் மக்கள் படை கொண்டுபோய்த் தோற்கிறார்கள், இடம்பெயர முயன்றும் முடியவில்லை. கடைசியில் கொர்குத் தூது போய்ப் பேரம் பேசுகிறார். நாளுக்கு 60 ஆள் வேண்டும் என்கிறான் அரக்கன். இரண்டு ஆளும் 500 ஆடும் என்று முடிகிறது. சமைத்துப் போட இரண்டு கிழவர்களும் அனுப்பப்படுகிறார்கள். அவர்கள் பெயர்கள்கூட ஆட்டுமந்தையிலிருந்து வந்தவைதான்: ஒருவர் கம்பளிக் கிழவர், மற்றவர் ஆட்டுமயிர்க் கிழவர். நான்கு பிள்ளை பெற்றவர் ஒன்றைக் கொடுத்தார், மூன்று பெற்றவர் ஒன்றைக் கொடுத்தார், முறை சுற்றி வந்து இரண்டு பெற்ற ஒரு தாயின் மிஞ்சிய மகனிடம் நிற்கிறது.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு யார் நினைவு வரும் என்று எனக்குத் தெரியும். பகாசுரன். ஏகசக்கர நகரத்தில் வீட்டுக்கு வீடு முறைவைத்து வண்டிச் சோறும் எருமைகளும் ஓர் ஆளும் அனுப்புவார்கள். முறை வந்த வீட்டில் அழுகுரல் கேட்கும். குந்தி பீமனை அனுப்புவாள். ஒகூஸ் கதையிலும் அந்தத் தாய் அழுதுகொண்டு வெளியூர்ப் போரிலிருந்து திரும்பிய அரூஸின் மகன் பசாத்திடம்தான் போய் நிற்கிறாள். ஹோமரில் இந்தப் பகுதி இல்லவே இல்லை. அப்படியானால் தெபெகோஸ் கதையின் முன்பாதி மகாபாரதத்திலிருந்து போனது என்று சொல்லிவிடலாமா? அவ்வளவு எளிதில் யாரும் சொல்லமாட்டோம். முறைவைத்துப் பலி கேட்கும் அரக்கன் உலகில் பல நாடுகளின் கதைகளில் இருக்கிறான் என்று நிதானிப்போம். அந்த நிதானத்தைக் கதையின் பின்பாதிக்கும் காட்டுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஹோமர் என்ற பெயரின் கனம் நம்மை அவசரப்படுத்துகிறது.

பசாத் சிறுவயதில் தொலைந்து சிங்கத்திடம் வளர்ந்தவன். அவன் அண்ணனையும் தெபெகோஸ் கொன்றிருக்கிறான். தந்தை தடுத்தும் கேளாமல் குகைக்குப் போகிறான். அம்புகள் அரக்கன் மேல் பட்டு முறிகின்றன. ஈ கடிக்கிறது என்கிறான் அவன். பசாத்தைப் பிடித்துத் தன் நெடுங்காலணிக்குள் திணித்துவிட்டு, சாயங்காலம் இவனைச் சுட்டுப் போடுங்கள் என்று கிழவர்களிடம் சொல்லித் தூங்குகிறான். பசாத் தோலைக் கத்தியால் கிழித்து வெளியே வருகிறான். இவனைக் கொல்ல வழியென்ன என்று கிழவர்களைக் கேட்க, கண்ணைத் தவிர வேறெங்கும் அவனுக்குச் சதையில்லை என்கிறார்கள். இறைச்சி சுடும் கம்பியை நெருப்பிலிட்டுப் பழுக்கக் காய்ச்சிக் கண்ணில் குத்துகிறான். அரக்கன் குகைவாயிலில் கால்களை அகட்டி நின்று ஒவ்வோர் ஆடாக வெளியே விடுகிறான். பசாத் ஒரு கடாவை அறுத்து, தலையும் வாலும் நீங்காமல் தோலை உரித்துப் போர்த்திக்கொள்கிறான். அரக்கனுக்குத் தெரிந்துவிடுகிறது. கொம்பைப் பிடித்துத் தூக்குகிறான். கையில் கொம்பும் தோலும் மட்டும் நிற்கின்றன. பசாத் அவன் கால்களுக்கிடையே புகுந்து வெளியே குதித்துவிடுகிறான்.

இப்போது ஒடிசியின் ஒன்பதாம் காண்டத்தை எடுங்கள். குகை, ஆடு, தூங்கும் அரக்கன், குருடாக்குதல், ஆடுகளோடு வெளியேறுதல், எல்லாம் உண்டு. ஆனால் ஹோமரில் மட்டும் உள்ளவை எவை? மதுவைக் கொடுத்து மயக்குவது. “என் பெயர் யாருமில்லை” என்று ஏமாற்றுவது, பிறகு அக்கம்பக்கத்து அரக்கர்கள் “யார் உன்னை வதைக்கிறார்கள்?” என்று கேட்க, “யாருமில்லை” என்று அவன் கத்துவது. ஒலிவமரத் தடியால் கண்ணைக் குத்துவது. ஆட்டின் வயிற்றடியில் தொங்கிக்கொண்டு தப்புவது. ஹோமரைக் கேட்ட எவருக்கும் முதலில் நினைவில் நிற்பவை இவையே. குறிப்பாக அந்தப் பெயர்த் தந்திரம்: ஒருமுறை கேட்ட குழந்தைகூட அதை மறக்காது. இவற்றில் ஒன்றுகூட ஒகூஸ் கதையில் இல்லை. ஒருவர் ஹோமரிடமிருந்து கதையை எடுத்துக்கொண்டு, மிகச் சுவையான பகுதிகளை மட்டும் பொறுக்கி வீசியிருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

மறுபக்கம் பாருங்கள். ஒகூஸ் கதையில் இருப்பவை, அதாவது இரும்புக் கம்பி, உரித்த தோலைப் போர்த்துவது, மோதிரம், இவை ஹோமரில் இல்லை. ஆனால் உலகத்து நாட்டுப்புறக் கதைகளில் இருக்கின்றன. காகசஸ் மலையின் ஒசேத்தியர் சொல்லும் நார்த் வீரர் கதைகளில் ஊரிஸ்மாக் ஒற்றைக்கண் அரக்கனைச் சுடுகம்பியால் குருடாக்குகிறான். சிந்துபாத்தின் மூன்றாம் பயணத்திலும் கண்ணில் பாய்வது பழுத்த இரும்புக் கம்பிதான். பிரான்ஸ்–ஸ்பெயின் எல்லையில் வாழும் பாஸ்க் மக்களின் தார்தாலோ என்ற ஒற்றைக்கண்ணன் கதையிலும் கம்பி, ஆட்டுத்தோல், மோதிரம் மூன்றும் உண்டு. ஜெர்மன் நாட்டார்கதை அறிஞர் வில்ஹெல்ம் க்ரிம் 1857இலேயே இப்படிப் பல நாட்டு வடிவங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்து, இவை ஹோமரிலிருந்து கிளைத்தவை அல்ல என்றார். 1904இல் ஆஸ்கார் ஹாக்மன் என்ற பின்லாந்து அறிஞர் இருநூறுக்கும் மேற்பட்ட வடிவங்களைத் திரட்டினார். அத்தனை கிராமத்துக் கிழவிகளும் ஹோமரைக் கேட்டு, அத்தனை பேரும் ஒரே மாதிரி ‘யாருமில்லை’யை மறந்து, ஒரே மாதிரி கம்பியைச் சேர்த்தார்கள் என்பது நடக்கிற காரியமா?

இதைவிட எனக்கு நெருக்கமான சான்று ஹோமரின் வரிகளுக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஒலிவமரத் தடி பச்சைத் தடி. ஆனாலும் நெருப்பில் அது பயங்கரமாகத் தகதகத்தது என்கிறார் ஹோமர். பச்சை மரம் தகதகக்குமா? கரியும், புகையும், நுனி தீப்பிடிக்கும். பழுத்து ஒளிர்வது இரும்பு. அடுத்த சில வரிகளில், கண் கொதித்த ஓசைக்கு உவமையாக, கொல்லன் பழுத்த கோடரியைத் தண்ணீரில் தோய்க்கும்போது எழும் ‘ஸ்ஸ்’ என்ற சீற்றத்தைச் சொல்கிறார். டெனிஸ் பேஜ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1955இல் இதைச் சுட்டிக்காட்டினார்: ஹோமருக்கு வந்த கதையில் இரும்புக் கம்பிதான் இருந்தது, அவர் அதை மரமாக மாற்றினார், ஆனால் பழைய இரும்பின் வெப்பம் வரிகளுக்கடியில் தங்கிவிட்டது. பெயர்த் தந்திரமும் வேறொரு நாட்டுப்புறக் கதைக்குரியது, அதை ஹோமர் இங்கே கொண்டுவந்து ஒட்டினார் என்றும் அவர் காட்டினார். அதாவது ஹோமரும் கடன் வாங்கியவர்தான். எந்தப் பழங்கதையிலிருந்து ஹோமர் எடுத்தாரோ, அதே மரத்தின் வேறொரு கிளையைத்தான் இரண்டாயிரம் ஆண்டு கழித்து ஒகூஸ் பாணன் பிடித்திருக்கிறான்.

மோதிரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதைகள் எப்படிப் பயணிக்கின்றன என்பதை இதைப்போல் காட்டும் பொருள் வேறில்லை. பாஸ்க் கதை போன்றவற்றில் குருடான அரக்கன் தப்பியவனுக்கு ஒரு மோதிரம் கொடுக்கிறான். அது “இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன்” என்று கத்திக் காட்டிக்கொடுக்கும்; கழற்றவும் வராது. விரலையே வெட்டி எறிந்துதான் வீரன் தப்புவான். ஒகூஸ் கதையிலும் பசாத் வெளியே குதித்த அதே கணத்தில், “பையா, இந்த மோதிரத்தைப் போட்டுக்கொள், உனக்கு அம்பும் வாளும் தைக்காது” என்று அரக்கன் நீட்டுகிறான். பசாத் போட்டதும் அரக்கன் பாய்ந்து வெட்டுகிறான், பசாத் விலகிவிடுகிறான், மோதிரம் மறுபடி அரக்கனின் காலடியில் கிடக்கிறது. இந்த மோதிரம் பேசுவதில்லை. ஏன் கொடுத்தான், எப்படிக் கழன்றது என்பதெல்லாம் கதையில் மங்கலாகவே இருக்கிறது. என் கணிப்பில், குரலை இழந்தபின்னும் தன் இடத்தை இழக்காத மோதிரம் இது. பாணன் அதற்குப் புதிய வேலை கொடுக்க முயன்று, தாய் பெரி இட்ட காப்பு மோதிரமாகக் கதையின் முன்பகுதியிலும் சேர்த்திருக்கிறான். ஹோமரிலோ அந்த இடத்தில் மோதிரம் இல்லை. கப்பலிலிருந்து காப்பிய நாயகன் ஒடிசியஸே கத்தித் தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொள்கிறான். குரல் ஒன்றுதான், வரும் வாய் வேறு.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மம்லூக்கியர் ஆண்ட எகிப்தில் அரபியில் வரலாறு எழுதிய இப்னு அத்-தவாதாரி, துருக்கியரிடையே வழங்கும் ஓர் ஒகூஸ் நூலைப் பற்றிச் சொல்லும்போது, தெபெகோஸ் என்பவனையும் அவனைக் கொன்ற அரூஸின் மகன் பசாத்தையும் பெயரோடு குறிப்பிடுகிறார். கையெழுத்துப்படிகளுக்கு இரண்டு நூற்றாண்டு முன்னரே, அனத்தோலியாவுக்கு வெளியேயும் இந்தக் கதை பரவிவிட்டது. ஆக, 15ஆம் நூற்றாண்டில் யாரோ ஒரு படித்த துருக்கியர் கிரேக்கச் சுவடியைப் பார்த்துச் சேர்த்தது என்ற வாதத்துக்கு இடமில்லை.

அடுத்தது பம்சி பெய்ரெக்கின் கதை. இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விடை தெளிவாக இருக்கிறது. திருமண இரவில் பெய்ரெக் எதிரிகளிடம் சிறைப்பட்டு அனத்தோலியாவின் பாய்புர்த் கோட்டையில் 16 ஆண்டு கிடக்கிறான். பொய்யன் மகன் ஒருவன் இரத்தம் தோய்ந்த சட்டையைக் காட்டி அவன் இறந்துவிட்டதாகச் சொல்லி, மணப்பெண் பானு சிச்செக்கைத் தானே மணக்க நாள் குறிக்கிறான். தப்பி வந்த பெய்ரெக் வழியில் ஒரு பாணனிடம் குதிரையைக் கொடுத்துக் கொபுஸை வாங்கிக்கொள்கிறான், பாணன் வேடத்தில் மணப்பந்தலுக்குப் போகிறான், வில் போட்டியில் தன் பழைய வில்லால் இலக்கைப் பிளக்கிறான். அழுதழுது கண்ணிழந்த தந்தைக்கு அவன் விரல் இரத்தத்தால் பார்வை திரும்புகிறது. ஒடிசியஸ் பிச்சைக்காரன் வேடத்தில் தன் ஊரான இதாகாவுக்குத் திரும்பி வில்லை வளைப்பதை நினைக்காமல் இதைப் படிக்க முடியாது.

ஆனால் இதே கதை அல்பாமிஷ் என்ற பெயரில் உஸ்பெக், கசாக், கரகல்பாக் மக்களிடம் பெருங்காப்பியமாக இருக்கிறது. இன்னும் கிழக்கே அல்தாய் மலையிலும் அலிப்-மனாஷ் என்று இருக்கிறது. அல்தாய் மக்கள் அனத்தோலியக் கிரேக்கரைக் கண்டதேயில்லை. ரஷ்ய அறிஞர் விக்டர் ஷிர்முன்ஸ்கி இந்த வடிவங்களை எல்லாம் ஒப்பிட்டு, கதை ஒகூஸ் மக்கள் மேற்கே நகர்வதற்கு முன்பே மத்திய ஆசிய ஸ்டெப்பி புல்வெளியில் இருந்தது என்று நிறுவினார். பாய்புர்த் கோட்டை என்பது பிறகு ஒட்டிய உள்ளூர்ப் பெயர். அத்தோடு, பெய்ரெக் கதை ட்ரெஸ்டன், வாடிகன் என்ற இரண்டு படிகளிலும் இருக்கிறது; அது எல்லோர் கையிலும் புழங்கிய மையக் கதை. தெபெகோஸும், அடுத்து வரும் டும்ருலும் ட்ரெஸ்டன் படியில் மட்டும்தான். இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஆனால் ஓரத்தில் வந்து சேர்ந்த கதைகள் எவை என்று தேடுகிறவருக்கு இது ஒரு தடயம்.

இனி டும்ருல். மூன்றில் எனக்கு மிகப் பிடித்த கதை இதுதான், கிரேக்க உறவு உண்மையாகவே தெரிவதும் இதில்தான்.

முரட்டு டும்ருல் வறண்ட ஓடையின் மேல் ஒரு பாலம் கட்டுகிறான். பாலத்தில் போகிறவரிடம் 33 வெள்ளிக்காசு வாங்குவான். போகாதவரை அடித்து 40 வாங்குவான். ஒருநாள் பாலத்தருகே அழுகை. நல்ல இளைஞன் ஒருவன் செத்துக் கிடக்கிறான். “யார் கொன்றது?” “அல்லாஹ்வின் ஆணையால் இஸ்ராயீல்.” “யார் அந்த இஸ்ராயீல்? என் முன்னால் கொண்டுவாருங்கள், சண்டை போட்டு இந்தப் பையன் உயிரை வாங்கித் தருகிறேன்.” நம் ஊர் முஸ்லிம்கள் மலக்குல் மவ்த் என்று சொல்லும் மரண வானவர்தான் இஸ்ராயீல். அவர் வருகிறார். டும்ருல் வாளை உருவ, அவர் புறாவாகிப் பறக்கிறார். இவன் வல்லூறோடு துரத்துகிறான். குதிரை மிரண்டு தள்ள, கீழே விழுந்தவனின் மார்பில் இஸ்ராயீல் ஏறி அமர்கிறார். டும்ருல் கெஞ்சுகிறான். உயிருக்குப் பதில் உயிர் கொடுத்தால் விடலாம் என்று இறைவன் அருள்கிறான். தந்தையிடம் போகிறான். சொத்தெல்லாம் எடுத்துக்கொள், உயிரைக் கேட்காதே. உலகம் இனிது, உயிர் அருமை என்கிறார் அவர். தாயும் அதையே சொல்கிறாள். கடைசியில் விடைபெற மனைவியிடம் போகிறான், வேறொருவனை மணந்துகொள் என்கிறான். “நீ இல்லாத மலையும் சுனையும் எனக்கு எதற்கு? என் உயிர் உன் உயிருக்கு ஈடாகட்டும்” என்கிறாள் அவள். டும்ருல் இறைவனைக் கேட்கிறான்: எடுப்பதானால் இருவரையும் எடு, விடுவதானால் இருவரையும் விடு. இறைவன் மனமிரங்கி, தாய் தந்தையின் உயிரை எடுத்துக்கொண்டு, இவர்களுக்கு 140 ஆண்டு ஆயுள் தருகிறான்.

கிரேக்க நாடக ஆசிரியர் யூரிபிடிஸின் அல்செஸ்டிஸ் நாடகம் கி.மு. 438இல் ஏதென்ஸில் அரங்கேறியது. தெசலி நாட்டு அரசன் அட்மீட்டஸ் சாகவேண்டிய நாளில் பதிலாள் கேட்கிறான். கிழத் தந்தையும் தாயும் மறுக்கிறார்கள். மனைவி அல்செஸ்டிஸ் சாகிறாள். விருந்தாளியாக வந்த வீரன் ஹெராக்ளிஸ் மரணத்தோடு மல்லுக்கட்டி அவளை மீட்டு வருகிறான். தந்தை ஃபெரிஸ் மகனிடம் சொல்லும் வாதம் நாடகத்திலேயே மிகக் கூர்மையான இடம்: நீ ஒளியைக் காண விரும்புகிறாய், உன் தந்தை விரும்பமாட்டான் என்றா நினைத்தாய்? கீழுலகில் கிடக்கப்போகும் காலம் நெடிது, வாழ்வு குறுகியது, ஆனாலும் இனியது. டும்ருலின் தந்தை சொன்னதும் அதே ‘இனிது’தான். முதன்முறை இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஆனாலும் அந்தச் சொல் ஒற்றுமையைச் சான்றாக வைக்க மாட்டேன். உயிர் இனிது என்று எந்த ஊர்க் கிழவரும் சொல்வார். மகாபாரத ஆதிபருவத்தில் ருரு தன் ஆயுளில் பாதியைக் கொடுத்துப் பிரமத்வரையை மீட்கிறான். சாவித்திரி எமனோடு வாதாடிக் கணவனை மீட்கிறாள். அடிக்கருத்து எங்கும் உண்டு. நான் சான்றாக வைப்பது நிகழ்ச்சிகளின் கோவையை. மரணத்தோடு வீரன் மல்லுக்கட்டுவது, பெற்றோர் இருவரும் அடுத்தடுத்து மறுப்பது, மனைவி இசைவது, இவை ஒரே கதையில் ஒன்றாக வருவது அவ்வளவு பொதுவல்ல. அந்தக் கோவை கருங்கடல் கரையில் வாழ்ந்த பொந்தஸ் கிரேக்கரின் நாட்டுப்பாடல்களில் இருக்கிறது. அங்கே ஹாரோஸ் என்னும் மரணதேவன் இளைஞனை எடுக்க வருகிறான். ஆயுளைப் பகிர்ந்து கொடுக்கப் பெற்றோர் மறுக்கிறார்கள். பெண் தன் ஆண்டுகளில் பாதியைக் கொடுக்கிறாள், இருவரும் வாழ்கிறார்கள். கிரேக்க எல்லைக்காவல் வீரன் திகெனிஸ் அக்ரிதாஸ் பளிங்குக் களத்தில் ஹாரோஸோடு மல்லுக்கட்டும் பாடல்களும் புகழ்பெற்றவை. கவனியுங்கள்: யூரிபிடிஸில் மனைவி செத்து மீட்கப்படுகிறாள், மல்லுக்கட்டுவது வெளியாள். நாட்டுப்பாடல்களில் மனைவி சாவதில்லை, ஆண்டுகள் பங்கிடப்படுகின்றன, மல்லுக்கட்டுவது வீரனே. டும்ருல் இந்தப் பாடல்களின் பக்கம் நிற்கிறான், நாடகத்தின் பக்கம் நிற்கவில்லை.

இந்தப் பாடல்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும்தான் ஏட்டில் ஏறின, ஆகவே கிரேக்கர்தான் துருக்கியரிடம் கேட்டிருக்கலாமே என்று ஒருவர் எதிர்வாதம் வைத்தால் அது நியாயமான வாதம். என் மறுமொழி: துருக்கியர் வருவதற்குப் பதினைந்து நூற்றாண்டு முன்பே கிரேக்க மண்ணில் அல்செஸ்டிஸ் இருந்தாள். யூரிபிடிஸும் அவளைப் பழங்கதையிலிருந்தே எடுத்தார். அந்தப் பழங்கதை நாடகத்துக்கு வெளியே மக்கள் வாயில் தொடர்ந்து வாழ்ந்து, பொந்தஸ் வழியாக ஒகூஸ் பாணனின் காதுக்கு எட்டியது என்பதே எனக்கு அதிகம் பொருந்துகிறது.

காதுக்கு எட்டும் தூரம்தானா என்றால், வீட்டுக்குள்ளேயே என்று சொல்லலாம். ட்ரெபிஸோண்ட் என்ற கிரேக்கப் பேரரசு கருங்கடல் கரையில் 1204 முதல் 1461 வரை இருந்தது. 1348இல் ஒகூஸ் கிளையினரான அக்கொயுன்லு துருக்கியரின் தலைவர் துர் அலி மற்றவர்களோடு சேர்ந்து அந்நகரைத் தாக்கினார். நான்கே ஆண்டில், 1352இல், அவர் மகன் குத்லு பேக் ட்ரெபிஸோண்ட் பேரரசர் மூன்றாம் அலெக்சியோஸின் சகோதரி மரியாவை மணந்தார். பின்னர் 1458இல் அக்கொயுன்லு அரசர் ஊசுன் ஹசனும் அதே அரச குடும்பத்துத் தியோதோராவை மணந்தார். தேதே கொர்குத் தொகுப்பிலேயே கான் துராலி என்ற வீரன் ட்ரெபிஸோண்ட் இளவரசிக்காகக் காளையோடும் சிங்கத்தோடும் ஒட்டகத்தோடும் போராடுகிறான். துர் அலி என்ற பெயரின் எதிரொலி அதில் கேட்கிறது. கிரேக்கப் பெண்கள் மருமகளாக வந்த கூடாரங்களில், அவர்களோடு வந்த செவிலியர் தாலாட்டாகவும் ஒப்பாரியாகவும் எதைப் பாடியிருப்பார்கள்? ஹோமரின் சுவடியையோ யூரிபிடிஸின் சுவடியையோ யாரும் மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

‘செவ்வியல் வேர்’ என்று தேடும்போது நாம் உடனே புத்தகத்தைத் தேடிவிடுகிறோம். எழுதப்பட்டதில் மூத்தது எதுவோ அதுவே மூலம் என்ற பழக்கம் நமக்கு ஆழமாக ஊறியிருக்கிறது. ஹோமர் ஒரு மூத்த சாட்சி. சாட்சியைத் தந்தையாக்கிவிடக் கூடாது.

இதைவிடவும் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. பொது மரத்திலிருந்து ஆளுக்கொரு கிளையை எடுத்தவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பது. இரண்டு கதையிலும் கண் போனபின் அரக்கனும் வீரனும் பெயர் பேசிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. ஒடிசியஸ் கப்பலில் பாதுகாப்பான தூரம் போனபின் தன் உண்மைப் பெயரைக் கர்வத்தோடு கத்துகிறான்: இதாகாவில் வீடு, லயர்ட்டிஸின் மகன். பெயர் கிடைத்ததால்தான் அரக்கன் தன் தந்தையான கடல் தெய்வம் பொசைடனிடம் சாபம் கேட்க முடிகிறது. அங்கே அரக்கன் யாரோ ஒருவன், வேற்றுத் தீவில் தற்செயலாக எதிர்ப்பட்டவன். குருடாக்கினால் போதும், கொல்ல வேண்டியதில்லை, ஓடிவிடலாம்.

ஒகூஸ் கதையில் ஓடமுடியாது. அரக்கன் வெளியிலிருந்து வரவில்லை. தங்கள் இடையன் ஒருவன் செய்த கொடுமைக்குப் பிறந்து, தங்கள் தலைவன் வீட்டிலேயே பால்குடித்து வளர்ந்தவன். குகையில் சங்கிலியில் தொங்கி மேலும் கீழும் ஆடும் உறையில்லாத வாளால் மட்டுமே அவனைக் கொல்லமுடியும். பசாத் சங்கிலியை அம்பால் அறுத்து அந்த வாளை எடுத்துக்கொண்டு வருகிறான். அப்போது அரக்கன் கேட்கிறான்: உன் ஊர் எது, உன் தாய் தந்தை யார், உன் பெயர் என்ன? பசாத் சொல்கிறான்: “தந்தை பெயரைக் கேட்டால் பெருமரம். தாய் பெயரைக் கேட்டால் சீறும் சிங்கம். என் பெயரைக் கேட்டால் அரூஸ் மகன் பசாத்.” அரக்கன் சொல்கிறான்: “அப்படியானால் நாம் உடன்பிறந்தவர்கள். என்னைக் கொல்லாதே.”

அது பொய்யில்லை. ஒருவன் சிங்கத்தின் பால் குடித்தவன், மற்றவன் செவிலியின் உயிரைக் குடித்தவன், இருவரையும் மகனென்று எடுத்து வளர்த்தவன் ஒரே அரூஸ்தான். பசாத் அந்த உறவை மறுக்கவும் இல்லை. என் நரைத்தாடித் தந்தையை அழவைத்தாய், முதிய தாயை அழவைத்தாய், அண்ணனைக் கொன்றாய், அண்ணியை விதவையாக்கினாய், அவள் குழந்தைகளை அநாதையாக்கினாய், உன்னை விடுவேனா என்று கேட்கிறான். ஒட்டகத்தை மண்டியிடச் செய்வதுபோல் அவனை மண்டியிடச் செய்து, அவனுடைய வாளாலேயே தலையை வெட்டுகிறான். தலையை வில்நாணில் கோத்துக் குகைவாசல்வரை இழுத்து வந்து போடுகிறான். கம்பளிக் கிழவரும் ஆட்டுமயிர்க் கிழவரும் செய்தி சொல்ல ஊருக்குள் ஓடுகிறார்கள்.